மாசச் சந்தா வேண்டாம்... படம் வேணும்!

பழவேற்காடு குப்பங்களில் கேபிள் இல்லாத டிவி: ஆன்டெனாவிலிருந்து இலவச டிஷ் வரை ஓர் ஏரிக்கரையின் கதை

பழவேற்காடு பஜாரைத் தாண்டி, பாலம் ஏறி லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் பக்கம் போகிறவர்கள் கூரைகளைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கலாம். எந்த வீட்டில் எந்த டிஷ் என்று பெயரைப் படிக்காமலே ஓரளவு சொல்லிவிட முடியும். கிட்டத்தட்டத் தெற்கே பார்த்து நின்றால் டாடா. நன்றாகக் கிழக்கே திரும்பியிருந்தால் ஏர்டெல். இரண்டுக்கும் நடுவில், சரியாகத் தென்கிழக்கே கடலைப் பார்த்து நின்றால் அது தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷாக இருக்கலாம். இந்தியாவுக்கு மேலே நிற்கும் டிவி செயற்கைக்கோள்களுக்கு வானத்தில் ஆளுக்கொரு இடம் உண்டு. தட்டு திரும்பியிருக்கும் திசைதான் அந்த வீட்டின் முகவரிச் சீட்டு.

சென்னையிலிருந்து சாலை வழியே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் இது. ஆனாலும் டிவி விஷயத்தில் இந்தக் கரைக்குத் தனிக் கதை இருக்கிறது. பஜாரில் கேபிள் ஓடும். அதே கேபிளைப் பசியாவரத்துக்கோ, சாட்டன்குப்பத்துக்கோ, இடமணிக்கோ இழுக்க வேண்டுமென்றால் நடுவில் தண்ணீர் இருக்கிறது. கம்பம் நட வேண்டும், சில நூறு மீட்டருக்கு ஒருமுறை சிக்னலைத் தூக்கிவிட ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். உப்புக் காற்று செம்பையும் அலுமினியத்தையும் அரித்துத் தின்னும். சில டஜன் வீடுகளுக்காக இவ்வளவையும் செய்தால் எந்த ஆபரேட்டருக்கும் கட்டுப்படியாகாது.

தண்ணீரையும் கம்பத்தையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பணம் வரும் விதம்.

பாடு வரும் நாளும் பில் வரும் நாளும்

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப்பு 'பாடு' முறையில் நடக்கிறது. ஏரியின் மீன்பிடி இடங்களைப் பிரித்துக்கொண்டு, குப்பங்களும் அவற்றிலுள்ள வலைக்காரர்களும் முறை வைத்து வலை கட்டுவார்கள். இன்று ஒரு குழுவுக்கு நல்ல இடம் என்றால், அடுத்த முறை இன்னொரு குழுவுக்கு. ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த ஏற்பாடு இது. முறை வந்த அன்று இறால் விழுந்தால் கையில் காசு. முறை இல்லாத நாட்களில் கடலுக்கோ கூலிக்கோ போக வேண்டும். முகத்துவாரம் மணல் தூர்ந்துபோனால் கடல்தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. அப்போது முறை வந்தாலும் வலை வெறுமையாகத்தான் திரும்பும்.

இப்படி வருமானம் வரும் வீட்டில், மாதம் பிறந்தால் வந்து நிற்கும் பில் எதுவும் ஒட்டாது. கேபிள் சந்தா என்பது முதல் தேதியில் சம்பளம் வாங்கும் வீட்டை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. இரண்டு மாதம் கட்டாவிட்டால் இணைப்பு போகும். மறுபடி வேண்டுமென்றால் பாக்கியையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். கையில் காசு புழங்கும்போது கொடுத்துவிட்டு, இல்லாதபோது யாருக்கும் கடன்படாமல் பார்க்க வழி உண்டா? இந்தக் கரையில் டிவி பார்த்தவர்கள் ஐம்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது இந்த வழியைத்தான்.

தெற்கே நீட்டிய ஆன்டெனா

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. பழவேற்காட்டிலிருந்து சேப்பாக்கத்துக் கோபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், சுத்தத் தெற்கு. நடுவில் மலையோ காடோ கிடையாது, சமதரையும் உப்பங்கழியும்தான். அந்த வகையில் இந்த ஊர் கொடுத்துவைத்தது. உயரமான குழாய்க் கம்பத்தில் மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனாவைக் கட்டித் தெற்கே நீட்டி, கூடவே ஒரு பூஸ்டரையும் வைத்தால் படம் வந்துவிடும். காற்றடித்தால் கம்பம் திரும்பும், புள்ளி புள்ளியாகப் பறக்கும். மறுபடி ஒருவர் மேலே ஏறித் திருப்பினால் சரியாகிவிடும்.

ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் ஒருமுறை போட்ட காசோடு சரி. அதன்பிறகு ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்த முதல் செலவே பெரிது. அதனால் எண்பதுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் டிவி என்றால் பஞ்சாயத்து டிவிதான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் தமிழ்ப் படம். ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் வரும். தமிழுக்கு எப்போது முறை வரும் என்று காத்திருப்பார்கள். பிறமொழிப் படம் வந்தாலும் எழுந்து போகாமல் பார்த்த தலைமுறை அது.

அதற்கடுத்து வந்தது வீடியோ 'டெக்'. டிவியும் டெக்கும் கேசட்டும் ஒரு ராத்திரி வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் விடிய விடிய மூன்று படம். முதல் படம் சாமி படம், இரண்டாவது பெரியவர்களுக்காக எம்.ஜி.ஆரோ சிவாஜியோ, மூன்றாவது இளவட்டங்களுக்காகப் புதுப்படம் என்று எழுதாத ஒழுங்கும் இருந்தது. மீனவக் குப்பங்களில் எம்.ஜி.ஆர். படம் என்றால் 1964இல் வந்த 'படகோட்டி'யையும் 1977இல் வந்த 'மீனவ நண்ப'னையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது செலவை யார் ஏற்றார்கள் என்பது. கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து, தலைக்கட்டு வரி என்று குடும்பத்துக்கு இவ்வளவு என வசூலிக்கும். திருவிழாவுக்குத் திரைகட்டிப் படம் போடுவதும் டெக் எடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பொதுப்பணத்தில்தான். பாடு முறையில் மீனைப் பகிர்ந்ததுபோலப் படத்தையும் ஊரே பகிர்ந்துகொண்டது. பிற்பாடு வந்த எந்தத் தொழில்நுட்பமும் அப்படிச் சேர்ந்து பார்ப்பதற்காக வந்ததில்லை.

டிவி வந்தது, கூடவே சந்தாவும் வந்தது

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதன்பின் தமிழ் டிவி என்றாலே கேபிள் என்று ஆனது. தூர்தர்ஷன் வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் கொடுத்தது. கேபிள் தினமும் கொடுத்தது. போட்டியே இல்லை.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 அங்குல டிவி பெட்டிகள் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த இலவசம் சரியா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2013 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி லஞ்சம் ஆகாது என்றது நீதிமன்றம். குப்பத்து வீடுகளுக்கு அந்தப் பெட்டி இன்னொரு கேள்வியையும் கொண்டுவந்தது. பெட்டி இலவசம், சரி. அதில் ஓடும் படத்துக்கு மாதா மாதம் யார் கட்டுவது?

அதற்கு அரசே ஒரு பதிலும் சொன்னது. 2007இல் உருவாக்கப்பட்ட அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. கேபிள் கம்பி எட்டிய ஊர்களுக்கு அது பெரிய நிம்மதி. எட்டாத ஊர்களுக்கு அது செய்தித்தாளில் படித்த நிம்மதி.

பிறகு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. இணைப்புக்கு மட்டும் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. விருப்பப்பட்ட கட்டணச் சேனலுக்குத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ மேலே காசு. பார்க்கிற சேனலுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பதுதான் நோக்கம். ஆனால் தமிழ் வீடுகள் அதிகம் பார்ப்பவை பெரும்பாலும் கட்டணச் சேனல்கள் என்பதால் பில் ஏறிய வீடுகளே அதிகம்.

கேபிள் எட்டாத இடத்துக்குத் தனியார் டிஷ் சேவையான டிடிஎச் வந்தது. அதில் ஒரு வசதி, காசு இருக்கும்போது ரீசார்ஜ், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். பாக்கி ஏறாது. ஏரிக்கரை வருமானத்துக்குக் கேபிளைவிட இது ஒத்துவந்தது. ஆனால் ரீசார்ஜ் முடிந்த ராத்திரி, சரியாகச் சீரியலில் கதாநாயகி உண்மையைச் சொல்லப்போகிற நேரத்தில், திரையில் அறிவிப்புப் பலகை வந்து நிற்கும். நாடு முழுக்கக் காசு கட்டிப் பார்க்கும் டிடிஎச் இணைப்புகள் ஒரு காலத்தில் 7 கோடியைத் தொட்டன. டிராய் கணக்குப்படி 2025இல் அது 6 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு பகுதி கைபேசிக்குப் போனது. இன்னொரு பகுதி போன இடம் இலவச டிஷ்.

ஒருமுறை போட்டால் போதும்

2004 டிசம்பர் 16 அன்று பிரதமர் மன்மோகன் சிங் 'டிடி டைரக்ட் பிளஸ்' சேவையைத் தொடங்கிவைத்தார். அப்போது 33 சேனல்கள். இன்று அதன் பெயர் 'டிடி ஃப்ரீ டிஷ்'. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள், கூடவே வானொலி நிலையங்களும். நாட்டில் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். தட்டு, அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி, வயர், பாக்ஸ், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 முதல் 2,000 ரூபாய். அதோடு முடிந்தது. 2019 கட்டண முறைப்படி மாதம் 153 ரூபாய் 40 காசு வீதம் கேபிளுக்கு ஒரு வருடம் கட்டிய அடிப்படைக் கட்டணமே ஏறத்தாழ 1,840 ரூபாய் வந்தது. அதோடு ஒப்பிட்டால் இலவச டிஷ்ஷின் கணக்கு ஏறக்குறைய ஒரு வருடத்திலேயே நேராகிவிடுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி இதில் உள்ள சேனல் இடங்களைத் தனியார் சேனல்களுக்கு ஏலம் விடுகிறது. சேனல்காரர் இடத்துக்கு வாடகை கட்டி, விளம்பரத்தில் காசு பார்க்கிறார். பார்ப்பவர் எதுவும் கட்ட வேண்டாம்.

டிஷ் கட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். செயற்கைக்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். பழவேற்காட்டில் நின்று பார்த்தால் அது சரியாகத் தென்கிழக்கு. அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி மேலே. தட்டு பார்வைக்கு அவ்வளவு அண்ணாந்து இருக்காது. எல்என்பியை நடுவில் வைக்காமல் கீழே தள்ளி வைத்த வகை என்பதால் கொஞ்சம் நிமிர்ந்தே நிற்கும். ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் அந்த உயரத்தில் குறி 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும்.

அதனால்தான் அந்தக் கூச்சல். கூரைமேல் ஒருவர், டிவி முன்னால் ஒருவர், வாசலில் நின்று செய்தி கடத்த ஒரு பொடியன்.

"வந்துச்சாடா?"

"இல்லண்ணா... கோடு அப்படியே நிக்குது."

"இப்போ?"

"ஆ... வருது, வருது! ஐயோ போச்சு. கொஞ்சம் பின்னாடி இறக்குண்ணா!"

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று சிக்னலின் பலம், மற்றது தரம். பலப் பட்டை வயரைச் சொருகியதுமே ஏறிவிடும். அதை நம்பி ஏமாறக் கூடாது. தரப் பட்டை ஏறினால்தான் சரியான செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அது ஏறிய நொடியில் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அரை டிகிரி நகரும், மறுபடி பார்க்க வேண்டும். வலையில் தக்கையும் ஈயமும் கட்டிப் பழகிய கைகளுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

சரி, அதில் தமிழில் என்ன இருக்கிறது? இங்கேதான் சிக்கல். 2024 ஜனவரி 19 முதல் 'டிடி தமிழ்' என்ற புதுப் பெயரோடு வரும் பழைய பொதிகை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான 'பிஎம் இ-வித்யா' சேனல்கள் இருக்கின்றன. ஆனால் சன், விஜய், ஜீ தமிழ், கே டிவி என்று தமிழ் வீடுகள் தினமும் தேடும் கட்டணச் சேனல்கள் இதில் கிடையாது. இந்திப் படங்களுக்கோ போஜ்புரிப் படங்களுக்கோ பஞ்சமே இல்லை. ரிமோட்டைத் தட்டத் தட்ட வரும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இலவச டிஷ் வீட்டுக்கு வீடு நுழைந்ததற்கும், தமிழ்நாட்டில் தயங்கி நிற்பதற்கும் காரணம் இதுதான். பழவேற்காட்டில் எத்தனையோ வீடுகள் தமிழோடு தெலுங்கும் பேசும். அந்த வீடுகளுக்குத் தூர்தர்ஷனின் தெலுங்கு சேனல் கூடுதல் லாபம். இந்திக்கு அப்படி ஒரு பயனும் இல்லை.

ராக்கெட் பக்கத்தில், செயற்கைக்கோள் எங்கிருந்தோ

ஏரியின் கிழக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். வலையை வீட்டில் வைத்துவிட்டு வானத்தில் புகை எழுவதைப் பார்க்கலாம். அன்றைய வருமானம் போச்சு.

இந்த ஊர்க்காரர் கூரையில் படம் பிடித்துத் தரும் செயற்கைக்கோள் இந்தத் தீவிலிருந்து போயிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இலவச டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15 போனது இங்கிருந்தல்ல. 2015 நவம்பர் 11 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூவிலிருந்து, ஏரியான்-5 ராக்கெட்டில். அதன் எடை 3,164 கிலோ. அந்தச் சமயத்தில் அவ்வளவு எடையை அத்தனை உயரத்துக்குத் தூக்கும் ராக்கெட் இந்தியாவிடம் தயாராகவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, 2017 ஜூன் 5 அன்று, 3,136 கிலோ எடையுள்ள ஜிசாட்-19ஐ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவினார்கள்.

விண்வெளியிலிருந்து கிராமத்துக்கு நேராக டிவி என்ற எண்ணம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருடம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள். விக்ரம் சாராபாயின் கனவு அது. நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையில் செய்த மூன்று மீட்டர் டிஷ்கள் ஊர்ப் பொதுவிடங்களில் நின்றன. ஆந்திராவும் கர்நாடகமும் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. அதே ஒளிபரப்பைப் பிடிக்கும் ஒரு டிஷ்ஷை இந்தியப் பொறியாளர்கள் கொழும்பில் ஒரு வீட்டிலும் கட்டிக் கொடுத்தார்கள். அது எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. நிலநடுக்கோட்டுக்கு மேலே செயற்கைக்கோளை நிறுத்தி உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945லேயே எழுதியவர் அவர்.

அன்றைய ஒளிபரப்பில் விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் எல்லாம் அந்தந்த மொழியில் வந்தன. கிராமத்துக்கு டிவி கொடுத்தால் அதன் மொழியில் கொடுக்க வேண்டும் என்ற தெளிவு ஐம்பது வருடம் முன்பே இருந்திருக்கிறது.

கைபேசிக்கும் மாதக் கணக்கு உண்டு

இளையவர்களிடம் பேச்செடுத்தால் டிஷ் எதற்கு, போன் போதுமே என்பார்கள். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது உண்மை. அதற்கு முன்பு செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் படம் ஏற்றித் தருவார்கள். இன்று யூடியூபிலேயே தயாரிப்பாளர்கள் முறைப்படி ஏற்றிய பழைய படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற இலவசச் செயலியைக் கொண்டுவந்தது.

ஆனால் ரீசார்ஜ் 28 நாளுக்கு. வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றின. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்றால் நல்ல தரத்தில் ஒரு முழுப் படம் பார்ப்பதற்குள் தீர்ந்துபோகும். வீட்டில் நான்கு பேர் நான்கு போனில் நான்கு படம் பார்த்தால் நான்கு ரீசார்ஜ். ஓலை முடைந்துகொண்டோ, நண்டு ஆய்ந்துகொண்டோ பெண்கள் சீரியல் கேட்பதற்குக் கையில் பிடிக்க வேண்டிய போன் உதவாது. எதிரே ஓடும் டிவிதான் வேண்டும்.

திருட்டுப் படம் என்ற குறுக்கு வழியும் இருக்கிறது. 2023இல் திருத்திய திரைப்படச் சட்டப்படி, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பதற்கும் அதைப் பரப்புவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, தணிக்கை செய்த தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இலவச லிங்க்கை நாலு குரூப்பில் தள்ளுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மழை வந்தால் படம் போகும்

இந்தக் கரையில் டிவி என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1980களின் நடுவிலேயே வட தமிழ்நாடு, தென் ஆந்திரக் கடற்கரைகளில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை உள்ளூர் மொழியில் ஒலிக்கும் கருவிகளை வானிலைத் துறை வைத்தது. குடிசைக்கு டிஷ் வருவதற்கு முன்பே கரைக்கு டிஷ் வந்துவிட்டது, உயிர் காப்பதற்காக.

இன்றைய வீட்டு டிஷ்ஷில் ஒரு பலவீனம் உண்டு. அது பிடிக்கும் அலைகள் மிகக் குட்டையானவை. ஒரு அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கனமழைத் துளிகள் அவற்றை விழுங்கியும் சிதறடித்தும் விடும். அதனால் கருமேகம் திரண்டு கொட்டும்போது திரை கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு கறுத்துப்போகும். புயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில்தான் டிவி கைவிடும். கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ் வேறு அலைவரிசையில் வாங்குவதால் மழையைத் தாங்கும்; ஆனால் அவரது கம்பம் சாய்ந்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இரண்டு பாடமும் ஒரே நாளில் கிடைத்தன. டிஷ்கள் பறந்தன, கம்பங்கள் விழுந்தன, மின்சாரம் போனது.

ஆகவே எந்த டிவி வைத்திருந்தாலும் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். பழைய ஆன்டெனா ஒளிபரப்புக்கு மழைப் பிரச்சினை அவ்வளவாகக் கிடையாது. அந்த ஒளிபரப்பையும் தூர்தர்ஷன் 2022க்குள் நாடு முழுக்கப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிய டிஜிட்டல் ஆன்டெனா ஒளிபரப்பைப் பிடிக்கும் பெட்டிகள் கடைகளில் பரவலாகவே இல்லை. பிரிட்டனில் 2002இல் தொடங்கிய 'ஃப்ரீவியூ' இன்றும் கூரை ஆன்டெனாவில்தான் வருகிறது. நாம் அந்த வழியைத் திறந்து பார்க்கும் முன்பே மூடிவிட்டோம்.

கரையோர வீட்டுக்கு: இலவச டிஷ் வாங்கும் முன்

* எம்பெக்-4 பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் எல்லாச் சேனலும் வராது.
* தென்கிழக்கே மரமோ மாடியோ மறைக்கக் கூடாது. பக்கத்துத் தென்னை இன்று சின்னதாக இருக்கலாம். ஐந்து வருடத்தில் குறுக்கே வரும்.
* தட்டைத் தகரக் கூரையில் கட்டாதீர்கள். கூரை அதிர்ந்தால் குறி தப்பும். சுவரிலோ சிமென்ட் திண்டிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள்.
* வயர் எல்என்பியில் சேரும் இடம்தான் உப்புக்காற்றுக்கு முதல் இரை. நீர் புகாதபடி டேப் சுற்றி மூடுங்கள். வருடம் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.
* பெரும்பாலான பாக்ஸ்கள் 12 வோல்ட்டில் ஓடும். 12 வோல்ட் எல்இடி டிவியும் இருந்தால் மின்சாரம் போன நாளிலும் பேட்டரியில் செய்தி பார்க்கலாம். பாக்ஸின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்தபின் இணையுங்கள்.
* புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் தட்டைக் கழற்றி உள்ளே வையுங்கள். தட்டு போனால் வாங்கிக்கொள்ளலாம். பறக்கும் தட்டு ஆள்மேல் விழுந்தால் திரும்ப வாங்க முடியாது.
* ஆண்டு 'ரீசார்ஜ்' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இலவச டிஷ்ஷுக்கு ரீசார்ஜே கிடையாது.

தமிழுக்கு இடம் ஒதுக்குங்கள்

இணையமும் சிம்மும் இல்லாமல் நேராகப் போனுக்கே ஒளிபரப்பும் முறையை ஐஐடி கான்பூர், சாங்க்யா லேப்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து பிரசார் பாரதி சோதித்துவருகிறது. தனிப் பாக்ஸ் இல்லாமல் டிஷ் வயரை நேராகச் சொருகும் டிவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022லேயே வரையறை வகுத்துவிட்டது. கருவிகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் என்ன ஓடும் என்பதைத்தான் யாரும் இந்தக் கரையைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

தூர்தர்ஷனின் கிடங்கில் ஐம்பது வருடத் தமிழ் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. என்எஃப்டிசி என்ற அரசு நிறுவனம் பணம் போட்ட தமிழ்ப் படங்களும் இருக்கின்றன. தொலைக்காட்சி உரிமை மலிவாகக் கிடைக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் எத்தனையோ உண்டு. இவற்றைக் கொண்டு இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஒரு தமிழ்த் திரைப்பட சேனலை இலவச டிஷ்ஷில் வைக்கலாம். இந்தக் கரையோரம் முழுக்கக் கேட்கும்படி, தினம் இரண்டு வேளை கடல் நிலவரத்தையும் காற்றின் போக்கையும் சொல்லும் பத்து நிமிடத்தை அதில் சேர்க்கலாம். ஏல வருமானம் குறையும் என்பது இதற்குப் பதிலாகாது. பொது ஒளிபரப்பு என்ற பெயரே காசு கட்ட முடியாதவருக்காக வந்தது.

அரசு கேபிள் நிறுவனத்துக்கும் ஒரு வேலை உண்டு. கம்பி எட்டாத தீவுக் குப்பங்களின் பட்டியல் எடுத்து, அங்கே கம்பிக்குப் பதில் டிஷ்ஷை மானியத்தில் கொடுக்கலாம். கம்பம் நடும் செலவைவிட அது குறைவாகத்தான் வரும்.

பாடு முறை இல்லாத நாளிலும் டிவி ஓட வேண்டும். அதற்கு மாதச் சந்தா வழியல்ல. ஒருமுறை காசு போட்டு, வருடக்கணக்கில் தமிழில் பார்க்கும் வழியே இந்தக் கரைக்குப் பொருந்தும். அந்த வழி வானத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் தமிழை ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. பிரசார் பாரதி அடுத்த முறை இடம் ஒதுக்கும்போது, இந்தக் குப்பங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.